நாற்சந்தியில் நின்ற இரண்டு பல்லக்குகள்

வெள்ளாற்றூர் பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. வண்டி வாங்க ஆசைப்படுகிற அளவுக்குத் தெருக்கள் உண்டு; அதை நிம்மதியாக ஓட்டுகிற அளவுக்குக் கிடையாது. அந்தத் தெருக்களைக் கவனிக்க ராஜா வீரகேசரி ஓர் அதிகாரியை வைத்திருந்தார். வீதி மணியம் என்று அவருக்குப் பட்டம். வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும், யானை எந்த நேரம் வரலாம், பாரம் எங்கே இறக்கலாம், எல்லாம் அவர் பொறுப்பு. போக்குவரத்து ஒழுங்காக நடந்தால் அவரை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு மாடு குறுக்கே படுத்துவிட்டால் போதும், ஊரே அவர் பெயரைச் சொல்லித் திட்டும். அப்போது அந்த உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டிருந்தவர் திருமேனி.

ஒரு நாள் காலை நாற்சந்திக்குத் தெற்கிலிருந்து பிரதானி அனந்தப்பரின் பல்லக்கு வந்தது. கிழக்கிலிருந்து தளவாய் மாறப்பரின் பல்லக்கு வந்தது. பிரதானி ராஜாவின் முதல் மந்திரி. தளவாய் படைக்குத் தலைவர். யார் முதலில் சந்தியைக் கடப்பது? இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றி மாற்றி உச்சிவேளை வரை நின்றார்கள். பின்னால் பருத்தி வண்டிகளும் தயிர்க்காரிகளும் தேங்கிப் போனார்கள். தெற்குத் தெரு நெரிசலில் குதிரைமேல் ஒரு மாப்பிள்ளை வேறு. பெயர் நல்லபெருமாள். சந்திக்கு வடக்கே கல்யாண வீடு. மேளச் சத்தம் அவன் காதில் விழுகிறது. இறங்கி நடக்கலாமென்றால் கால் வைக்க இடமில்லை. முகூர்த்தம் தவறிவிட்டது.

பெண்ணின் தகப்பன் அரண்மனைக்கு வந்து அழுதான். எட்டாம் நாள் இன்னொரு முகூர்த்தம் இருக்கிறதாம். அதுவும் தவறினால் மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று வேறு பெண் பார்த்துவிடுவார்களாம்.

ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. பிரதானியைக் கோபித்தால் வரி வராது. தளவாயைக் கோபித்தால் படை வராது. ஆகையால் மணியத்தைக் கோபித்துக்கொண்டார்.

"எட்டாம் நாள் அந்த மாப்பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேரணும். சேரலைன்னா நீர் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போயிடணும்."

பிரதானிக்கு வேலையில்லாத மைத்துனன் ஒருவன் இருந்தான். மணியம் உத்தியோகத்தின் மேல் அவனுக்கு ஒரு கண். எனவே பிரதானி மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விண்ணப்பம் மகாராஜா. பெரிய மனுஷங்களை நில்லுன்னு சொல்லக் கூடாது. இன்னொருத்தருக்கு வழி விடச் சொல்லக் கூடாது. சேவகனைத் தடியோட நிறுத்தவும் கூடாது. மரியாதை போயிடும் பாருங்க."

பிரதானி சொன்ன ஒன்றுக்குத் தளவாய் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. ராஜாவும் அப்படியே ஆகட்டும் என்றார்.

திருமேனி நேரே நாற்சந்திக்குப் போனார். மூன்று நாள் சந்தியில் உட்கார்ந்து, ஒரு வண்டிக்கு ஒரு புளியங்கொட்டை என்று எண்ணிப் பானையில் போட்டார். பானை நிறைந்ததே தவிர யோசனை வரவில்லை. நான்காம் நாள் வேறு போக்கிடம் தெரியாமல் முருகன் கோயிலுக்குப் போனார். அன்று கிருத்திகை, பிராகாரம் கொள்ளாத கூட்டம். அதற்குள் பிரதானியும் தளவாயும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தளவாய்க்கு முன்னால் ஓர் எண்ணெய் வியாபாரி போனார். பிரதானிக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் போனாள். ஒருவரும் நிற்கவில்லை, ஒருவரும் முட்டிக்கொள்ளவில்லை, யாருடைய மரியாதையும் போனதாகத் தெரியவில்லை. திருமேனி சாமி கும்பிடக்கூட மறந்து கல்தச்சன் வீட்டுக்கு ஓடினார்.

ஏழாம் நாள் நாற்சந்தியின் நட்டநடுவில் வட்டமாக ஒரு மேடை எழும்பியது. மேடைமேல் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அடைத்த வழியைத் திறக்கச் சொன்னால் இந்த மனுஷன் நடுவில் கல்லை வைக்கிறாரே என்று ஊர் சிரித்தது. பிரதானி மைத்துனனுக்குப் புதுத் தலைப்பாகை வாங்கிவிட்டார்.

எட்டாம் நாள் முகூர்த்த வேளை பார்த்து, வேண்டுமென்றே, பிரதானியின் பல்லக்கு வந்தது. தளவாயும் சளைக்காமல் வந்து சேர்ந்தார். நேரே போகலாமென்றால் பிள்ளையார். மேடைக்கு வலப்பக்கமாகக் குறுக்கே போனால் சாமியை எதிர்ச்சுற்று சுற்றியதாகும். அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம் என்று தூக்கிகள் கையை விரித்துவிட்டார்கள். ஆக இரண்டு பல்லக்குகளும் பிள்ளையாரை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றத் தொடங்கின. அரைச் சுற்றோடு போனால் நன்றாயிருக்காது என்று பிரதானி முழுச் சுற்று சுற்றினார். நான் மட்டும் பக்தியில் குறைந்தவனா என்று தளவாய் மூன்று சுற்றினார். பிரதானி ஐந்துக்குப் போனார். வண்டிகள் அவர்களோடு சேர்ந்து சுற்றி, அவரவர் தெரு வந்ததும் பிரிந்து போயின. நல்லபெருமாளின் குதிரையும் அரைச் சுற்று சுற்றி வடக்குத் தெருவில் நுழைந்தது. முகூர்த்தத்துக்கு இன்னும் அரை நாழிகை இருந்தது. பெண்ணின் தகப்பன் மறுபடியும் அழுதான், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

தாலி கட்டி முடிந்ததும், கல்யாணம் பார்க்க வந்து பந்தலில் வீற்றிருந்த ராஜாவிடம் பிரதானி போய் நின்றார். மணியம் நிபந்தனையை மீறிவிட்டார் என்று முறையிட்டார். இரண்டு பல்லக்கும் சந்தியைக் கடந்திருக்கிறது என்றால் யாரோ ஒருவர் இன்னொருவருக்கு வழி விட்டுத்தானே இருக்க வேண்டும்?

"வழி விட்டது யாரு? நீரா?" என்று ராஜா கேட்டார்.

"நானா? தளவாய்தான் என் பின்னால வந்தார், மகாராஜா."

"அபாண்டம்" என்றார் தளவாய். "இவர்தான் என் பின்னால வந்தார். ஊரே பார்த்தது."

ராஜா திருமேனியைக் கூப்பிட்டார். "மணியக்காரரே, இதுல பொய் சொல்றது யாரு?"

"ரெண்டு பேர் சொல்றதும் சத்தியம் மகாராஜா. வட்டமா சுத்துறவங்களுக்கு மத்தவங்க எல்லாரும் பின்னாலதான் வர்றாங்க."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கைக்காப்பைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டுவிட்டு, உத்தியோகம் இவர் உள்ளவரை இவருக்குத்தான் என்று பந்தலிலேயே உத்தரவிட்டார். மைத்துனனின் தலைப்பாகை பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை.

அதற்குள் பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் இலைக்கு முன்னால் பிரதானியும் தளவாயும் ஒரே நேரத்தில் போய் நின்றார்கள். பெண்ணின் தகப்பன் கையைப் பிசைந்தான். திருமேனி பரிமாறுகிறவரிடம் இலைக்கட்டை வாங்கிக்கொண்டு, பந்தல் நடுவே வட்டமாகப் போட ஆரம்பித்தார்.