வடகத்து மேல பெஞ்ச மழை

ஏட்டி பெரியவளே, அந்த லேப்டாப்ப மூடு. வேலைக்குப் போறவ கதை கேக்கக் கூடாதுன்னு எவ சொன்னா? இப்படி வந்து சாஞ்சுக்கோ. பொடிசுங்களா, நீங்களும் வாங்க. உம் கொட்டணும், சொல்லிட்டேன். உம் கொட்டலேன்னா மேகம் பாதி வழியில நின்னுரும், அப்புறம் என்னக் கேக்கக் கூடாது.

எந்தக் காலமோ, எந்தச் சீமையோ, மலை உச்சியில ஒரு ராஜா இருந்தாராம். அவர் அரண்மனையில யானை கட்டுற கொட்டாரம் கிடையாது, குதிரை கட்டுற லாயம் கிடையாது, மேகம் கட்டுற தொழுவம்தான் இருந்துச்சாம். ஆமாடா, மேகம்தான்! மாட்டக் கட்டுற மாதிரி முளைக்குச்சி அடிச்சுக் கயித்துல கட்டியிருப்பாங்க. விடியக்காலையில போய்ப் பாத்தா வெள்ளையா, சாம்பலா, மெத்துமெத்துன்னு மிதந்துக்கிட்டே தூங்குங்களாம். தடவிக் குடுத்தா கையெல்லாம் ஈரமாயிருமாம். காரி, மயிலை, சுட்டின்னு அதுகளுக்குப் பேரு வேற.

அங்க வேலைக்கு வந்தவதான் ஆவுடை. கீழ புழுதிக்குளம்னு ஒரு காஞ்ச ஊரு, அதுதான் அவளுக்குச் சொந்த ஊரு. வேலை என்னன்னா, மூங்கில் கம்ப எடுத்துக்கிட்டு, எந்தக் காஞ்ச ஊருக்கு ஓட்டச் சொல்றாங்களோ அங்க மேகத்த ஓட்டிக்கிட்டுப் போயி பெய்ய வச்சுட்டு வரணும். சம்பளம் காசு இல்ல. வருஷக் கடைசியில ஒரு மேகம். அத அவங்கவங்க சொந்த ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போகலாம். ஆவுடை அதுக்குத்தான் மலை ஏறுனா. அவ ஊரு கிணத்துல வாளிய விட்டா தரையில தட்டி டங்குன்னு சத்தம் வருமாம், பாத்துக்கோ.

அந்த அரண்மனையில ஒரு வழக்கம். மலையச் சுத்தி எந்நேரமும் ஒரே பனி, ராஜாவுக்குக் கீழ நடக்குறது ஒண்ணும் தெரியாது. அதனால மழை பெஞ்சதும் முத்தத்துல தொங்குற சேகண்டிய, அதான் அந்த வெங்கலத் தட்ட, அடிச்சு ‘இது இன்னார் மழை’ன்னு சொல்லணும். சொன்ன பேரு ராஜா மனசுல நிக்கும், நின்ன பேருக்குத்தான் மேகம்.

நம்ம ஆவுடை அடிக்கவே மாட்டா. "நல்லா வேலை பாத்தா போதாதா? நானே போய் என் பேர நானே சொன்னா நல்லாவா இருக்கும்?"ன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நிப்பா. கூறுகெட்டவ! அவ நின்னா மத்தவன் நிப்பானா? கங்காணி சங்கிலியாண்டின்னு ஒருத்தன், மேகம் ஓட்டுறவங்களுக்கெல்லாம் மேலாளு. உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டே இருப்பான். எங்கயாச்சும் சளசளன்னு சத்தம் கேட்டாப் போதும், வாயில முறுக்கோட ஓடியாந்து சேகண்டிய அடிச்சு, "சங்கிலியாண்டி மழை! சங்கிலியாண்டி மழை!"ன்னு கத்துவான்.

போன வருஷக் கடைசியில என்னாச்சு? ஆவுடை கைய நீட்டுனா. ராஜா பாவம், "ஆவுடையா? அப்படி ஒரு பேர நான் கேட்டதே இல்லியேம்மா"ன்னுட்டார். வெறுங்கையோட நின்னா. அழுகைன்னா அழுகை. ஊர்ல அவ ஆத்தா வானத்தப் பாத்துக்கிட்டே இருந்திருக்கும்ல? எனக்கே வயிறு எரியுது.

இந்த வருஷமும் முடியப் போற நேரம். காலையில கங்காணி வந்தான்.

"ஆவுடை, காரிய நீ ஓட்டிரு தாயி, எனக்கு இடுப்பு வலி."

"ஆகட்டுங்கய்யா."

ஓட்டிப் பெய்ய வச்சுட்டு வந்தா. சேகண்டிய அவன் அடிச்சான். மறுபடி வந்தான்.

"ஆவுடை, மயிலையவும் ஓட்டிரு தாயி, எனக்குக் கழுத்து வலி."

"ஆகட்டுங்கய்யா."

அதையும் ஓட்டுனா. சேகண்டிய அவன் அடிச்சான். மறுபடியும் வந்தான்.

"ஆவுடை, இந்தச் சுட்டிய மட்டும் ஓட்டிரு தாயி. நீ இல்லேன்னா யாரு இருக்கா?"

அந்தப் பேச்சுலதான் விழுந்தா. என்னடி சிரிக்க? உன் ஆபீஸ்லயும் இதே பேச்சுதானா? சரி, உம் கொட்டு.

"ஆகட்டுங்கய்யா"ன்னுட்டா. ஆனா ஒடம்பு ஆகட்டும்னு சொல்லுமா? கொல்லைப்பக்கம் வரும்போதே கண்ணு சொருகிருச்சு. சுட்டியோட கயித்தக் கால் கட்டைவிரல்ல சுத்திக்கிட்டு, சுவத்துல சாஞ்சவ தூங்கியே போயிட்டா. கயிறு மெதுவா நழுவுச்சு. குட்டி மேகம் மிதந்து, மிதந்து, கொல்லையில என்ன இருக்குன்னு எட்டிப் பாத்துச்சு.

அங்க ராணியம்மா வேட்டிய விரிச்சுக் கூழ்வடகம் ஊத்தியிருந்தாங்க. வரிசையா, வெள்ளையா, வட்ட வட்டமா. சுட்டி பாத்துச்சு. ‘அடடா, இதெல்லாம் மேகக்குஞ்சு போல! யாரோ வெயில்ல போட்டுட்டாங்களே, தாகமா இருக்குமே’ன்னு நெனச்சுச்சு. பாசத்துல அப்படியே எறங்கி, கட்டிப் புடிச்சுக்கிட்டு, சளசளன்னு பெஞ்சு தீத்துருச்சு. வடகம் கரைஞ்சு, கூழாகி, வாய்க்காலா ஓடுது!

சத்தம் கேட்டுச்சா, சங்கிலியாண்டி வழக்கம் போல ஓடியாந்தான். எங்க பெய்யுது, எது மேல பெய்யுதுன்னு திரும்பிக்கூடப் பாக்கல. சேகண்டிய அடிச்சான் பாரு, "சங்கிலியாண்டி மழை! சங்கிலியாண்டி மழை!"

ராணியம்மா கரண்டியோட வெளிய வந்தாங்க. ராஜாவும் பின்னாலயே வந்தார். "யாருய்யா என் வடகத்துல பெஞ்சது? அரண்மனைப் பொருள நனைச்சவங்க மலைய விட்டே எறங்கணும்னு சட்டம் தெரியும்ல?"ன்னு ராணியம்மா கேட்டாங்க.

கங்காணி மூஞ்சி வெளுத்துருச்சு. "அய்யோ அம்மா, நான் இல்ல! ஓட்டுனது ஆவுடை!"

"அடிச்சது நீதானய்யா?"ன்னார் ராஜா. "உன் பேரத்தான சொன்ன?"

அப்பத்தான் ஆவுடை முழிச்சா. கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பாத்தா விஷயம் புரிஞ்சுபோச்சு. நல்லாக் கேளுங்க, அவ வாயே திறக்க வேண்டாம். சும்மா நின்னா அந்தப் பழி அவன் தலையில போயிரும், அவ தப்பிச்சுருவா. சொன்னா மலைய விட்டு எறங்கணும், மேகமும் போச்சு. ஆனா சும்மா இருந்தா இந்த மழை அவனுது. இது அவனுதுன்னா இதுக்கு முந்தி பெஞ்சதும் அவனுதுதான? அப்ப புழுதிக்குளத்துக்கு?

நேரா நடந்து போனா. கம்ப எடுத்துச் சேகண்டிய ஒரு அடி அடிச்சா. மலையே கேட்டுச்சாம்.

"ராஜா, இது ஆவுடை மழை. மூணு மேகத்த ஒருத்தியா ஓட்டுனேன், அசந்து தூங்கிட்டேன். முடியாதுன்னு சொல்லத் தெரியாம ஆகட்டும்னு சொன்னேன். தப்பு என்னுதுதான். ஆனா தப்பு என்னுதுன்னா, காலையில காரி பெஞ்சதும் என்னுது, மயிலை பெஞ்சதும் என்னுது. போன வருஷம் பெஞ்சதும் என்னுது. வேணும்னா மேகத்தக் கேளுங்க."

ராஜா கூப்பிட்டுக் கேக்குறதுக்கு முன்னாலயே காரி, மயிலைன்னு தொழுவத்து மேகமெல்லாம் கயித்த அறுத்துக்கிட்டு, சுட்டியும் கூடச் சேந்து வந்து அவ தோள்ல சாஞ்சுக்கிச்சாம். அவ அப்படியே பஞ்சுக்குள்ள நிக்கிற மாதிரி நின்னா, மூஞ்சி மட்டும் தெரியுது.

ராணியம்மாவுக்குக் கோவம் எறங்கிருச்சு. "ஏம்மா, இத்தன நாளு எங்கம்மா இருந்த?"ன்னாங்க.

"இங்கதாம்மா இருந்தேன். சத்தம் போடாம இருந்தேன்."

ராஜா யோசிச்சார். "உண்மையச் சொன்னவள எறக்க மாட்டேன். ஆனா அடுத்த வடகத்துக்கு மாவு நீதான் இடிச்சுத் தரணும்"ன்னார்.

"இடிக்கிறேன் ராஜா. ஆனா இனிமே ஒரு பொழுதுக்கு ஒரு மேகம்தான். அதுக்கு மேல என்னால ஆகாது." சொல்லிட்டா பாத்தியா!

கங்காணிக்கு என்ன கூலி? கம்பையே தொடாத கையில நீளமா ஒரு கம்பக் குடுத்து, "வடகத்துக்குக் காக்கா ஓட்டு"ன்னு வெயில்ல உக்கார வச்சுட்டாங்க. சேகண்டிப் பக்கம் வரவே கூடாது. ஒவ்வொரு காக்காவுக்கும் அவனேதான் எந்திரிக்கணும், "ஆவுடை, நீ ஓட்டிரு தாயி"ன்னு சொல்ல ஆளில்ல.

ஆவுடை என்ன செஞ்சா? போன வருஷத்துக்குக் காரி, இந்த வருஷத்துக்கு மயிலைன்னு ராஜா குடுத்த ரெண்டு கயித்தையும் கையில புடிச்சுக்கிட்டு மலை எறங்குனா. சுட்டி சும்மா இருக்குமா, அதுவும் பின்னாலயே ஓடியாந்துச்சு. பனிக்குள்ள நடந்து, பூவரச நெழலுக்குள்ள நடந்து, புழுதிக்குளம் வந்தா ஊரே மங்கலாயிருச்சு. கோழியெல்லாம் பொழுது சாஞ்சுருச்சுன்னு கூண்டுக்குள்ள போயிருச்சு. அவ ஆத்தா வாசல்ல வந்து வானத்தப் பாத்துச்சு. மொத சொட்டு அது நெத்தியில விழுந்துச்சு. அண்டா, குண்டான், தாம்பாளம், ஒண்ணு விடாம முத்தத்துக்கு வந்துருச்சு. ஆவுடை ஒரு தாம்பாளத்த எடுத்தா, கரண்டியால டங்குன்னு அடிச்சா.

"ஆத்தா, இது ஆவுடை மழை!"

அதனால, செஞ்ச வேலைக்கு உன் பேர நீயே சொல்லு. செஞ்ச தப்புக்கும் நீயே சொல்லு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. வேற என்னத்தச் சொல்ல?

மழை வெறிச்சுது, வடகம் காஞ்சுது, கதையும் கரைஞ்சுது. போங்க, போய்ப் படுங்க. ஏட்டி, அந்த லேப்டாப்ப மறுபடி திறக்காத.