உப்பில் நடந்த கல்யாணம்

"டீச்சர், செத்துப்போன மனுசனைத் திரும்பக் கல்யாணத்துல நிக்க வச்சுப் படம் எடுக்க ஏதாவது வழி இருக்கா?"

ராயப்பன் இப்படிக் கேட்டதும் டீச்சர் கருப்பட்டிக் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினாள்.

ராயப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. டீச்சர் அவனைவிடப் பத்து வயது இளையவள். ஒரு காலத்தில் சினிமாவுக்குக் கேமரா பிடித்தவள். அந்தி வெளிச்சம் போதவில்லையென்று இவள் கையைக் காட்ட, இன்னொரு டேக் முடியும்வரை சூரியன் பனைமர உயரத்தில் நின்றதாகத் தூத்துக்குடிப் பக்கம் கேமரா தூக்குகிறவர்கள் சத்தியம் செய்வார்கள். அன்றைக்கு ஊர்க் கோழிகளெல்லாம் அடைகிற நேரம் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றனவாம். அவளிடம் கேட்டால் ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள்.

என்ன நினைத்தாளோ, கேமராவை வைத்துவிட்டு உப்பளத்து மோட்டார் ரூமில் வந்து உட்கார்ந்துவிட்டாள். யோசனை கேட்டுத் தேடி வருகிறவர்கள் சாமி என்று கும்பிட்டால் உப்பை அள்ளி மூஞ்சியில் வீசுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

"யாரு செத்தது?" என்றாள்.

"வாழை இலை ஏவாரி தவசிக்கனி. அவரு மக ஜெயக்கனி கல்யாணத்துக்கு நாந்தான் ஸ்டில்லு, வீடியோ ரெண்டும். கழுத்துல ஒண்ணு, கையில ஒண்ணு. கல்யாணம் முடிஞ்ச வாரமே மனுசன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. எந்திரிக்கலை."

"படம் எங்க?"

ராயப்பன் உப்பைப் பார்த்தான்.

"ஆவணி மாசம் டீச்சர். ஒரே நாள்ல ரெண்டு முகூர்த்தம். இங்க தாலி கட்டி முடிஞ்சதும் திருச்செந்தூருக்கு ஓடுனேன். படம் எடுத்த மெமரி கார்டு டப்பாவும் காலி கார்டு டப்பாவும் ஒரே நிறம். மாறிப்போச்சு. எல்லாத்தையும் அழிச்சு, அது மேலயே அடுத்த கல்யாணத்தை எடுத்துட்டேன்."

"தேடிப் பாக்கலையா?"

"மதுரை வரைக்கும் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர்காரன், உள்ள வேற பொண்ணுதான் சிரிக்குதுன்னுட்டான்."

"இந்தப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சா?"

"எப்படிச் சொல்ல? பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பா படம் வேணுங்குது. வீட்டுல இருக்கிறது ரேஷன் கார்டுப் படந்தானாம். கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு போதும், அப்பா புதுச்சட்டை போட்டிருந்தாருங்குது. கார்டைச் சரி பண்ண உப்பளத்து டீச்சர்கிட்ட குடுத்திருக்கேன்னு வாயில வந்துட்டு."

"பொய்யி வந்தா வரட்டும். பொண்ணு எங்க?"

"அதுவும் கூடவே வந்துட்டு. ரோட்டுல ஆட்டோவுல உக்காந்திருக்கு."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். வரப்பின் கடைசியில் மஞ்சளாக ஓர் ஆட்டோ. உப்பளத்தில் மரம் கிடையாது, செடி கிடையாது. ஒளிய வேண்டுமானால் வெயிலுக்குப் பின்னால்தான் ஒளிய வேண்டும்.

"நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"சூரியனையே நிறுத்தினவங்க நீங்க. கார்டு உங்க கையில கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க பேரைச் சொன்னா அந்தப் பிள்ளை மனசு ஆறிரும். எனக்கும் இந்த ஊருல பொழப்பு ஓடும்."

டீச்சர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"முதல்ல அந்தக் கல்யாணத்தை எனக்குக் காட்டுங்க," என்றாள்.

குத்தவைத்து உட்கார்ந்தாள். இரண்டு கை உப்பை அள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் குவித்தாள். பொண்ணு, மாப்பிள்ளை. எதிரே ஓர் ஓட்டுச்சில்லை வைத்தாள். அது ராயப்பனின் கேமரா. சில்லிலிருந்து விரலால் இரண்டு கோடு விரித்து இழுத்தாள்.

"இந்த ரெண்டு கோட்டுக்குள்ள இருக்கிறதுதான் படத்துல விழும். சரியா?"

"சரி."

பாதிக் காப்பியோடு இருந்த டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"இது தவசிக்கனி. எங்க வைக்க?"

"பொண்ணுக்குப் பின்னால."

வைத்தாள்.

"அங்க ரொம்ப நேரம் நிக்கலை. சீரியல் லைட்டை மறைச்சாரு. கொஞ்சம் தள்ளிக்கிடுங்கன்னேன்."

டம்ளரைத் தள்ளினாள்.

"தாரை வார்க்கும்போது அப்பன் இல்லாமலா?"

"இருந்தாரு. கை மட்டும் எடுத்தேன். தண்ணி விழுறது க்ளோசப்ல அழகா இருக்கும்."

"தாலி கட்டும்போது?"

"அட்சதையை வச்சுக்கிட்டு முன்னால வந்துட்டாரு. மாப்பிள்ளை கை தெரியலை. தோளைப் பிடிச்சு..."

"பிடிச்சு?"

"இந்தப் பக்கம் விட்டேன்."

டம்ளர் கோட்டைத் தாண்டியது.

"குடும்பப் படத்துல நின்னிருப்பாரே."

ராயப்பன் கழுத்தில் தொங்கிய கேமராவின் வாரை முறுக்கினான்.

"அவரு பந்தியில இலை போட்டுக்கிட்டு இருந்தாரு. அப்பாவைக் கூட்டிட்டு வரட்டான்னு அந்தப் பிள்ளை கேட்டுது. எனக்குத் திருச்செந்தூருக்கு நேரமாச்சு. அப்புறம் எடுத்துக்கிடலாம்னேன்."

டீச்சர் எழுந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். அந்தப் பக்கத்துப் பாத்தி ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. கார்டு என் கையில கெட்டுப்போச்சுன்னு சொல்லிரட்டுமா?"

செருப்புக்கடியில் உப்பு நெரிகிற சத்தம் கேட்டது. ஆட்டோவில் காத்திருந்து சலித்து ஜெயக்கனியே வந்துவிட்டாள். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

"கிடைச்சுதா அண்ணாச்சி?"

டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கார்டை நான் அழிச்சுட்டேம்மா," என்றான் ராயப்பன். "டப்பா மாறிப்போச்சு. டீச்சர்கிட்ட ஒண்ணும் குடுக்கலை."

ஜெயக்கனியின் கண் நிறைந்தது. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். கைதவறிச் செய்தவனை இந்த ஊர் ஒரு மாதம் திட்டும், அப்புறம் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிடும்.

"அழிக்காம இருந்தாலும் அதுல அப்பா முகம் இல்லை," என்றான். "நாந்தான் தள்ளித் தள்ளி நிக்கச் சொன்னேன். இந்தா, உப்புல இருக்கு உன் கல்யாணம்."

ஜெயக்கனி கீழே பார்த்தாள். இரண்டு குவியல், ஒரு சில்லு, இரண்டு கோடு.

"இதுல அப்பா எது?"

ராயப்பன் கையை நீட்டினான்.

அவள் வரப்பைத் தாண்டிப் போனாள். டம்ளருக்குப் பக்கத்தில் உப்பிலேயே உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ராயப்பனின் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"எடுங்க அண்ணாச்சி," என்றாள். "இங்க நாங்க யாரையும் மறைக்கலை."