வெல் என்று சொன்ன துரை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், மகுடவர்மன் என்றொரு ராஜா இருந்தான். காதில் விழுகிற எந்தச் சொல்லுக்கும் அந்த நிமிடமே பொருள் தெரிந்தாக வேண்டும் அவனுக்கு. தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் மார்ட்டின் துரை என்ற ஆங்கிலேய வணிகன், துணி விற்க அனுமதி கேட்டுச் சபைக்கு வந்தான். கொஞ்சம் தமிழ் பேசுவான். "என்ன விலைக்கு விற்பாய்?" என்று ராஜா கேட்டான்.

"வெல்..." என்று இழுத்தான் துரை.

ராஜாவின் மீசை துடித்தது. "யாரை வெல்லச் சொல்கிறான்?"

அகராதிப் புலவர் திருமேனிநாதர் துள்ளி எழுந்தார். "பிரபோ! 'வெல்க' என்றால் வாழ்த்து. 'வெல்லுங்கள்' என்றால் மரியாதை. இவனோ மொட்டையாக 'வெல்' என்று தங்களை ஏவுகிறான். நாக்கை அறுக்க வேண்டும்!"

துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. விகடகவி சடைநாதனுக்கு மனசு பொறுக்கவில்லை. "பிரபோ, அது அவர்கள் ஊர்ச் சொல்லாக இருக்கலாம். விசாரிக்காமல் நாக்கில் கை வைப்பது அழகல்ல."

சடைநாதனை மட்டம்தட்டக் காத்திருந்த புலவருக்கு இது போதாதா? "அப்படியானால் நாளை உச்சிப்பொழுதுக்குள் இந்த விகடகவியே அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லட்டும். அது பிறந்த இடத்தையும் கண்ணால் காட்டட்டும். இல்லையேல் துரைக்கு நாக்கு கிடையாது!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

மறுநாள் சடைநாதன் எல்லாரையும் அரண்மனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனான். கிணற்றைக் காட்டி, "துரை, இது என்ன?" என்றான்.

"வெல்."

"உடம்பு எப்படி இருக்கிறது?"

"வெல்" என்றான் துரை. "கிணறு வெல், தண்ணி பொங்கி வர்றதுல பொறந்த வார்த்தை. நல்லா இருக்கேன்னு சொல்ற வெல் வேற. அது விருப்பம்னு அர்த்தம் வர்ற எங்க ஊர் வார்த்தைக்குச் சொந்தம்."

"நேற்று விலை கேட்டபோது சொன்னாயே, அது கிணறா, நலமா?" என்று மடக்கினார் புலவர். "பிறந்த இடம் எங்கே?"

"அடியில் ஊற்றுக்கண் இருக்கிறது. கிணற்று வெல்லின் பிறந்தவீடு அதுதான்" என்றான் சடைநாதன். "என்னைப் போன்ற பாமரன் பார்த்து என்ன பயன்? புலவரே கயிற்றைப் பிடித்து இறங்கிப் பார்த்து வரட்டும்."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "புலவரே, இறங்குகிறீரா?"

புலவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். "அது... வந்து... பிரபோ... வந்து..."

"யார் வந்தது?" என்று நாலாபுறமும் தேடினான் சடைநாதன். "ஒருவரையும் காணோமே!"

"விகடரே, பதில் கிடைக்காமல் திணறும்போது எல்லாரும் சொல்வதுதானே அது?" என்றான் ராஜா.

"நேற்று துரை திணறியதும் அப்படித்தான், பிரபோ. நம் ஊர் 'வந்து' அவர்கள் ஊரில் 'வெல்'."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதற்கெல்லாம் நாக்கை அறுப்பதென்றால் சபையில் ஒரு நாக்கும் மிஞ்சாது. மகாராணி கேள்வி கேட்கும்போது நான் எத்தனை 'வந்து' போடுகிறேன் தெரியுமா? முதலில் போவது என் நாக்குதான்!"

துரைக்கு அனுமதி கிடைத்தது. சடைநாதனுக்கு ராஜாவின் கையிலிருந்த தங்கக் கடகம் கிடைத்தது. திருமேனிநாதருக்கும் ஒன்று கிடைத்தது. தினமும் காலையில் துரையின் எதிரே கைகட்டி உட்கார்ந்து ஆங்கிலம் படிக்க வேண்டும் என்ற உத்தரவு.