நாணற்கரை நிறுத்தத்தில் ஒருவர்

"நான் எழுதுனதுல ஒண்ணுகூட தரைக்கு வரலம்மா," என்றார் இளம்வழுதி.

உமையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எத்தனை எழுதினீங்க?"

"மூணு. மூணு ஆட்சிக்கு மூணு போக்குவரத்துக் கொள்கை."

"அதெல்லாம் எங்க இருக்கு?"

"அலமாரியில."

இளம்வழுதிக்கு ஐம்பத்தேழு வயது. தலைநகரில், போக்குவரத்துத் திட்டத் துறையில் பெரிய பதவி. ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. நீடித்து நிற்கும், வெள்ளம் புயலைத் தாங்கும், நேர்மையாக ஆளப்படும் போக்குவரத்து எப்படி இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பதுதான் அவருடைய துக்கம்.

உமையம்மை அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். காவி கட்டுவதற்கு முன் ஒன்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தார். ஆற்றுக்கு இந்தக் கரையில், நாணற்கரை ஊருக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி அவருடைய மடம். மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு கிணறு.

வாசலில் யாராவது தயங்கி நின்றால், "உள்ள வாங்க, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க" என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுவார். ஒரு வருடத்துக்கு முன் அப்படிக் கூப்பிட்டதில்தான் இளம்வழுதி உள்ளே வந்தார். வந்தவர் சீடராகிவிட்டார்.

"இது நாலாவது," என்று பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். "வெள்ளிக்கிழமை அரசாணை வந்துருச்சு. இதுவும் அலமாரிக்குத்தான் போகும். முப்பது வருஷமா நீர்மேல் எழுத்து. எழுதின கைக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

"படிங்க. கேக்கிறேன்."

படித்தார். முதல் பக்கத்தில் பூமி சூடாவது. நான்காம் பக்கத்தில் மின்சாரப் பேருந்து. ஏழாம் பக்கத்தில் வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு அட்டவணை. எட்டுக் கட்டம், எட்டும் வெவ்வேறு நிறம். ஆய்ந்த கீரை ஒரு பக்கம் குவிந்தது.

பன்னிரண்டாம் பக்கத்தில் உமையம்மையின் கை நின்றது.

"அதை இன்னொரு தடவை படிங்க."

"பயணிகளின் எண்ணிக்கை இனி டிக்கெட் இயந்திரங்களின் பதிவிலிருந்து மட்டுமே பெறப்படும். நிறுத்தங்களில் ஆள் நின்று எண்ணும் முறை கைவிடப்படுகிறது."

"எப்ப இருந்து?"

"வெள்ளிக்கிழமையில இருந்து. ஆள் எண்ணினா தப்பு வருதும்மா. வேண்டியவங்க ஊருக்குக் கூட்டிப் போடுவாங்க. மெஷின் பொய் சொல்லாது."

"பஸ் போகாத ஊர்ல டிக்கெட் எப்படிக் கிழியும்?"

இளம்வழுதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது... அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்னு விட்டிருக்கோம்."

உமையம்மை எழுந்தார். மடியிலிருந்த கீரைத் தண்டெல்லாம் கீழே விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"வாங்க."

"எங்கம்மா?"

"மணி ஒன்பதரை ஆகப்போகுது. நடந்து போனா சரியா இருக்கும்."

அவர் முகம் வெளுத்திருந்தது. சீடர் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

நாணற்கரை நிறுத்தத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். துவைத்த சேலை, வாரிய தலை, கையில் ஒயர்கூடை. பயணத்துக்குக் கிளம்பியவள் போலத்தான் இருந்தாள்.

இளம்வழுதியின் ஜீப் இந்த நிறுத்தத்தைப் பல தடவை கடந்திருக்கிறது. எப்போதும் யாரோ ஒருவர் நிற்பார்கள். மக்கள் இன்னும் பொதுப் பேருந்தை நம்புகிறார்கள் என்று அவர் மனதுக்குள் சந்தோஷப்பட்டதும் உண்டு.

"இவங்க மரியபுஷ்பம்," என்றார் உமையம்மை. ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டார்.

"பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று இளம்வழுதி கேட்டார்.

"பஸ் நின்னு பதினாலு மாசமாச்சு சார்."

"தெரிஞ்சுமா நிக்கிறீங்க?"

"இன்னைக்கு எங்க வீட்டு முறை."

அவருக்குப் புரியவில்லை. மரியபுஷ்பம் விளக்கமாகச் சொன்னாள்.

"போன வருசத்து மார்கழி வெள்ளத்துல தரைப்பாலம் முங்கிட்டு சார். இருவது நாள் பஸ் வரல. அந்த இருவது நாளைக்குள்ள ஆள் எண்ண வந்திருக்காவ. அக்கரையில நின்னு பாத்துட்டு, இந்த ஸ்டாப்புல ஒருத்தரும் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாவ. தண்ணி வடிஞ்ச பொறவும் பஸ்ஸக் காங்கல. டிப்போவுல போய்க் கேட்டோம். உங்க ஊர்ல ஏற ஆளில்லையேன்னாவ."

இளம்வழுதி அந்த விதியை அறிவார். மூன்றாவது கொள்கையின் பின்னிணைப்பில் ஒரே ஒரு வரி. பத்துப் பேருக்குக் குறைந்த வழித்தடத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பேருந்தைக் கூட்டம் உள்ள தடத்துக்கு அனுப்ப வேண்டும். டீசல் மிச்சம், புகை குறைவு, சிபாரிசுக்கு இடமில்லை. அந்த வரியை எழுதிய அன்று ஒரு காப்பி கூடுதலாகக் குடித்தார்.

"மறுபடி எண்ண வருவாவன்னு டிப்போவுல சொன்னாவ. எப்பன்னு சொல்லல. அதான் முறை வச்சு நிக்கோம். வேதக்கோயில்ல உபதேசியார் எழுதிப் போட்டிருக்காரு. ஒரு நாளைக்கு ஒரு வீடு. பஸ் வந்த நேரத்துக்கு, ஒன்பதே முக்காலுக்கு. ஞாயித்துக்கெழமைன்னா பூசை முடிஞ்சதும் ஓடியாந்துருவோம்."

"ஒரு நாள்கூட விடலயா?"

"ஒரே ஒரு நாள் விட்டுட்டு. எங்க ஊர்ச் சூசையம்மா பாட்டி செத்த அன்னைக்கு. அன்னைக்குத்தான் வந்திருப்பாவளோன்னு இன்னமும் பேசிக்கிடுதோம்."

"ஒருத்தர் நின்னா ஒண்ணுன்னுதானே எழுதுவாங்க?"

மரியபுஷ்பம் கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள். அதில் ஒரு கண்டக்டர் விசில் இருந்தது.

"மடத்து அம்மா குடுத்தது. எண்ண வந்தா ஊதணும். ஊர்ல எல்லாரும் வந்துருவோம்."

இளம்வழுதி குருவைப் பார்த்தார். குரு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு மட்டம் பெரியாஸ்பத்திரியில டயாலிசிஸ் பண்ணணும் சார். பஸ் இருந்தப்ப சன்னலோரம் உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன். இப்ப என் தம்பி மகன் பைக்குல கொண்டுபோறான். அவன் முதுகோட சேத்துத் துண்டால கட்டணும். அவன் வேலைக்குப் போற நாள்ல போக முடியல. பாதி நாள் தப்பிப்போவுது. காலு ரெண்டும் வீங்கிட்டு. இப்பிடி விட்டா சித்திரை தாண்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ."

அவள் அழவில்லை. எண்ண வருகிறவர் கேட்டால் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்ததைச் சொன்னாள். மாசி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"சாருக்கு எந்த ஆபீஸு?"

பொய் சொல்ல அவருக்கு வராது.

"போக்குவரத்துத் துறை."

அவள் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தாள்.

"எண்ண வந்தியளா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் விசிலை ஊதிவிட்டாள்.

முதலில் ஒரு கதவு திறந்தது. பிறகு எல்லாக் கதவும். ஈரத்தலையோடு ஒருத்தி வந்தாள். சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி ஒருவர் வந்தார். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் தெரியாத ஒருவரைத் தோளில் கைபோட வைத்துக் கூட்டி வந்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. நிறுத்தத்தின் கல்லிலிருந்து கோயில் சுவர்வரை வரிசை தானாக அமைந்தது. பழகியிருந்தார்கள்.

மரியபுஷ்பத்தின் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி வந்து வரிசையில் வைத்தார்கள். அவர் எழுந்து நிற்க முயன்றார். முடியவில்லை. உட்கார்ந்தபடியே இளம்வழுதியைக் கும்பிட்டார்.

"இவரையும் சேத்துக்கிடுங்க சார்," என்றாள் மரியபுஷ்பம். "கூடப் போற என்னையும்."

இளம்வழுதி குருவின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அம்மா, இதை எழுத இடமே இல்ல. ஆள் எண்ணுற ஃபாரத்தை வெள்ளிக்கிழமை எடுத்தாச்சு."

"உங்க பதவிக்கு ஒரு எண்ணைச் சேக்க முடியாதா?"

"முடியாது. அமைச்சராலயும் முடியாது. யாரும் கையால ஒரு ஆளைக்கூட சேக்க முடியாத மாதிரி நான்தான் எழுதினேன். சிபாரிசு ஒழியணும்னு."

"நல்லதுக்குத்தான் எழுதினீங்க."

"ஆமாம்மா. இவங்ககிட்ட நீங்க சொல்லிருங்க. நீங்க சொன்னா தாங்கிக்குவாங்க."

"நீங்க படிக்கிற வரைக்கும் எனக்கும் தெரியாது சார். விசில் குடுத்து நிக்க வச்சவ நான். என்னால முடியல."

சீடர் ஏதாவது ஒரு பதில் வரும் என்று காத்திருந்தார். இத்தனை நாளும் வந்திருக்கிறது.

உமையம்மை நடந்துபோய், வரிசையின் கடைசியில், கண் தெரியாதவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"என்னையும் எண்ணுங்க," என்றார்.

இளம்வழுதி எண்ணினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது கொஞ்சம் நிமிர்ந்தார்கள். நாற்காலியில் இருந்தவரும் நிமிர்ந்தார். கைக்குழந்தைகளை நீக்கி எழுபத்து மூன்று பேர்.

அவர் பேனாவை மூடினார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

வயல் பக்கமிருந்து சத்தம் வந்தது. வரப்பின் மேல் இருபது முப்பது பேர், கையில் அரிவாளோடு, சேற்றுக் காலோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"இருங்க சார், முடிச்சிராதிய," என்றாள் மரியபுஷ்பம். "அறுப்புக்குப் போனவங்க வாராவ."