அப்பா பேருக்குப் போன மெயில்

"ரெண்டுல எதை வாங்கறதுங்க? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. எனக்குத் தலையே சுத்துது."

தோளில் பையும் கையில் லேப்டாப்புமாக, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செங்கோடன் ஆரம்பித்துவிட்டார்.

பாக்குமட்டைத் தட்டு செய்கிற பட்டறை அவருடையது. இந்த மாசம் ஒரு ஆர்டராவது வராவிட்டால் மிஷினை விற்றுவிட்டு, மறுபடியும் மச்சினன் கடையில் போய் நிற்க வேண்டும்.

வெண்ணிலா அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் வியாபாரம் பிடிக்கிற வித்தையில் கோயம்புத்தூரில் பல பேருக்கு அவள்தான் குரு.

"உக்காருங்க, மாரப்பண்ணா."

"மாரப்பன் எங்கப்பா பேருங்க. நான் செங்கோடன்."

"சரி. என்ன ரெண்டு?"

"ஒரு டூலு, ஆள் பேரைச் சொன்னா மெயில் ஐடி தேடி, மெயிலையும் அதுவே எழுதித் தரும். இன்னொண்ணு, யாரு வாங்குவாங்கன்னு ஆளையே தேடித் தரும். முதல் டூலை ஓசியில வச்சு ஊர் பூராவும் மெயில் அனுப்பிட்டேன். ஒரு ஈ காக்கா பதில் போடலீங்க."

"ஒருத்தருமா, மாரப்பண்ணா?"

"செங்கோடனுங்க."

"டீ குடிக்கறீங்களா, மாரப்பண்ணா?"

டீ வந்தது. சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அதற்கும் மாரப்பண்ணாதான்.

செங்கோடனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டம்ளரை டக்கென்று வைத்தார்.

"ஏனுங்க, விளையாடறீங்களா? எங்கப்பா போய்ச் சேர்ந்து வருசக்கணக்காச்சு! எதிர்ல உக்காந்திருக்கறது யாருன்னு பார்த்துப் பேசக் கூடாதுங்களா?"

வெண்ணிலா போனை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் அனுப்பிய மெயில்தான். 'அன்புள்ள பழனியப்பன் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, 'மாரப்பன் செங்கோடன்' என்று முடிந்திருந்தது.

"இது யாருங்க பழனியப்பன்?"

"எங்கப்பா. இனிஷியலை விரிச்சு பழனியப்பன் வெண்ணிலான்னு எழுதுவேன். முதல்ல நிக்கறவரை உங்க டூல் கூப்பிட்டிருக்கு. அவரும் போயிட்டாருங்ணா."

"அட முருகா!"

ஊரில் இருக்கிற அப்பாக்களுக்கெல்லாம் உட்கார்ந்து தட்டு விற்றிருக்கிறார்! முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பின்னாலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பிறகு லேப்டாப்பைப் பைக்குள் வைத்தார். பைக்குள்ளிருந்து ஒரு தட்டை எடுத்து, துண்டால் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"ஏனுங்க வெண்ணிலா, உங்களுக்குத் தட்டு ஏதாச்சும் தேவைப்படுதுங்களா?"

அவள் வாங்கி, விளிம்பை வளைத்துப் பார்த்தாள்.

"தேவைதான், செங்கோடண்ணா. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல காதுகுத்து."