சத்திரத்து வாசலில் யார் பெயர்?

பட்டும் மிளகும் ஒட்டக முதுகில் ஊர் ஊராகப் போன காலத்தில், துருக்கி தேசத்து மேட்டுநிலத்தை அய்தேகின் என்றொரு சுல்தான் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் புகழ்ச்சி என்று வந்துவிட்டால் தேன்கூட்டைக் கண்ட கரடிதான்.

அவருடைய தலைநகருக்கு வெளியே, வணிகப் பாதையை ஒட்டி, ஒரு பெரிய கற்சத்திரம் இருந்தது. ஒட்டகம் சுமையோடு குனியாமல் நுழையும் அளவுக்கு உயர்ந்த வாசல், அதைச் சுற்றிக் கல்லிலேயே பின்னிய பூவேலை. வெகுகாலம் முன்பு மெஹ்ரிபான் என்ற ராணி கட்டியது. எந்த ஊராரானாலும், எந்த மதத்தாரானாலும், மூன்று நாள் சாப்பாடும் படுக்கையும் இலவசம். ஒட்டகத்துக்குத் தீவனமும் உண்டு. கிளம்பும்போது வாசல் மேல் செதுக்கியிருக்கும் ராணியின் பெயரை அண்ணாந்து பார்த்து, "தாயே, உன் ஆன்மா குளிரட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜனங்கள் போவார்கள்.

முதல் மந்திரி பெரிதூன் பிறந்ததே அந்தச் சத்திரத்தில்தான். போருக்குத் தப்பி, நிறைமாதத்தோடு பனியில் ஓடிவந்த அவர் தாயை, யார் எவர் என்று கேட்காமல் உள்ளே சேர்த்துக்கொண்ட இடம் அது. மந்திரியான பிறகும் அந்த வழியே போனால் குதிரையை விட்டு இறங்கி நடந்துதான் வாசலைக் கடப்பார்.

சபையிலிருந்த சுங்குருக்கு மந்திரி பதவி மேல் வெகுநாளாக ஒரு கண். ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார்.

"பிரபு, நாட்டை ஆள்வது தாங்கள். பாதையைக் காப்பது தாங்கள். நன்றி மட்டும் என்றோ செத்துப்போன ஒருத்திக்குப் போகிறது. நம் மந்திரியாரே குதிரையை விட்டு இறங்குகிறார் என்றால் பாருங்களேன்."

சுல்தானின் முகம் சுருங்கிவிட்டது. "அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டு என் பெயரைச் செதுக்கச் சொல்லுங்கள்."

பெரிதூனுக்கு யாரோ தன் நெஞ்சில் உளி வைத்தாற்போல இருந்தது. ஆனால் எதிர்த்துப் பேசினால் காரியம் கெட்டுவிடும் என்பது தெரிந்தவர்.

"அப்படியே செய்யலாம், பிரபு. ஆனால் அங்கே ஒரு வழக்கம். வாசலில் யார் பெயரோ, அவர்தான் விருந்து படைக்கிறவர். அந்த ராணியும் ஒருநாள் அங்கே நின்று, வந்த உயிரெல்லாம் உண்டு முடித்த பிறகே சாப்பிட்டாராம். தாங்களும் ஒருநாள் அப்படி இருந்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது."

"இவ்வளவுதானா? நாளைக்கே வருகிறேன்" என்று சிரித்தார் சுல்தான்.

பனி மூடிக் கிடந்த கணவாய் மறுநாள் காலையில்தான் திறக்கப்போகிறது என்பது பெரிதூனுக்குத் தெரியும். சுங்குர் அதை விசாரிக்கவில்லை.

காலையில் சுல்தான் பட்டு அங்கியோடு வந்து வாசலில் நின்றார். மலைக்கு அப்பால் நாள்கணக்கில் முடங்கிக் கிடந்த வணிகக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. அண்டா அண்டாவாகப் பருப்புக் கஞ்சி கொதித்தது. அடுப்பிலிருந்து ரொட்டி வந்தபடியே இருந்தது. சுல்தானின் வயிறு உறுமியது. கடைசி ஆள் கை கழுவியபோது வெயில் சாய்ந்திருந்தது.

"எனக்கு ஒரு கிண்ணம் கொண்டு வாருங்கள்" என்றார் சுல்தான்.

"கொஞ்சம் பொறுங்கள், பிரபு. ஒட்டகங்கள் இன்னும் முடிக்கவில்லை" என்றார் பெரிதூன். "வந்த உயிரெல்லாம் என்றேனே."

சுல்தான் கொட்டிலை எட்டிப் பார்த்தார். ஒட்டகங்கள் படுத்தபடி நிதானமாக மென்றுகொண்டிருந்தன. காத்திருந்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்னமும் மென்றுகொண்டிருந்தன.

"இவை எப்போதுதான் முடிக்கும்?"

"அசைபோடுகிற பிராணி, பிரபு. விடிந்தாலும் வாய் ஓயாது."

சுங்குர் பக்கத்தில் வந்து, அங்கிக்குள் மறைத்துவைத்த ரொட்டித் துண்டை நீட்டினார். பெரிதூன் அதைப் பார்த்துவிட்டார்.

"பசித்தால் தாராளமாகச் சாப்பிடலாம், பிரபு. ஆனால் விருந்தாளியாக. விருந்தாளி போகும்போது ஒரு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்."

"யாருக்கு?"

"இன்றைக்கு வாசலில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்கு."

தன் தலை இனித் தன்னுடையதில்லை என்றே பெரிதூன் நினைத்தார். சுல்தான் மந்திரியைப் பார்த்தார், ஒட்டகங்களைப் பார்த்தார். பிறகு, பசித்த வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தரையில் வழிப்போக்கரோடு உட்கார்ந்து இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். எழுந்து வாசலுக்குப் போய், மற்றவர்களைப் போலவே அண்ணாந்து பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இத்தனை வருஷம் வயிறு நிறைந்தே இந்த வழியாகப் போயிருக்கிறேன், பெரிதூன். அதனால்தான் இந்த வார்த்தை எனக்கு வரவில்லை. அந்தப் பெயர் அங்கேயே இருக்கட்டும். உமக்கு என்ன வேண்டும், கேளும்."

"வடக்குப் பக்கத்துக் கூரை ஒழுகுகிறது, பிரபு. அதைச் சரிசெய்ய வேண்டும்."

"அது சத்திரத்துக்கு. உமக்கு?"

"எனக்குத்தான் கேட்டேன். அந்தக் கூரைக்குக் கீழேதான் என் தாய் என்னைப் பெற்றாள்."

சுல்தான் தன் பட்டு அங்கிக்கு மேல் போட்டிருந்த கம்பளி மேலாடையைக் கழற்றி மந்திரியின் தோளில் போர்த்தினார். பிறகு சுங்குர் பக்கம் திரும்பினார்.

"நன்றி யாருக்குப் போகிறது என்று கவலைப்பட்டவர் நீர். மூன்று நாள் இங்கேயே இருந்து, வழிப்போக்கர்களின் பிய்ந்த காலணிகளைத் தைத்துக் கொடும். அதற்கு வருகிற நன்றியெல்லாம் உமக்கே."

மறுநாள் சுங்குர் கையில் ஊசி குத்தக் குத்த, வார்தான் என்ற கிழட்டு ஒட்டகக்காரரின் காலணியைக் கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்தார். வார்தான் அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார். திரும்பி வந்து, சுங்குரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இந்தக் கைகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது" என்றார்.

சுங்குர் குனிந்து ஊசியில் மறுபடி நூலைக் கோத்தார்.

"அந்த இன்னொரு காலணியையும் கழற்றிக் கொடுங்கள்" என்றார். "அதிலும் தையல் விட்டிருக்கிறது."