அரைக் கட்டை

"இந்த மேடையில நான் உக்கார மாட்டேன், டீச்சர்."

காலையிலேர்ந்து உள்ள கொதிச்சுக்கிட்டு இருந்ததை நிறைமதி ஒருவழியா சொல்லிட்டா. செருப்பைக்கூடக் கழட்டாம மேடைக்குக் கீழ நின்னே சொன்னா.

அகிலாண்டம் டீச்சர் மேல உக்காந்து சுருதிப்பெட்டியைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. சாயங்காலம் காவிரிக் கரை மைதானத்துல அவங்க கச்சேரி. சுத்துப்பட்டு ஊரெல்லாம் வரும். டீச்சருக்குப் பின்னாடி உக்காந்து கூடப் பாடறவ நிறைமதி.

அவளுக்குப் பாத்ததெல்லாம் எரிச்சல். மூணு லாரி ஜெனரேட்டர். ரெண்டு இப்பவே கரும்புகை கக்குது, மூணாவது தன் முறைக்குக் காத்திருக்கு. வீட்டு உசரத்துக்கு ஸ்பீக்கர். பெட்டி பெட்டியா தண்ணி பாட்டில், நாளைக்கு அத்தனையும் ஆத்துலதான் மிதக்கும். மேடைக்கு முன்னாடி பெரிய மனுஷங்களுக்கு சோபா. அந்த எடத்துல கபடியே ஆடலாம்.

விழாக்காரர்கிட்ட சண்டை போட்டா. தண்ணி சப்ளை பண்றவர்கிட்ட போட்டா. ஜெனரேட்டர் டிரைவர், "பாப்பா, பாட்டு பாட வந்தியா, பாடம் எடுக்க வந்தியா?"ன்னாரு. "உங்க வண்டி இருமறதை நிறுத்துங்க, ரெண்டும் பண்றேன்"னா. கடைசியில மிஞ்சினது கட்டிப்போன தொண்டைதான்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. ஏன் டீச்சர் சொல்ல மாட்டேங்கறீங்க?"

டீச்சர் பிளாஸ்கைத் திறந்து சுக்குத்தண்ணியை ஊத்தி நீட்டுனாங்க.

"எனக்கு வேணாம். பதில் சொல்லுங்க. இல்லன்னா இன்னையோட உங்ககிட்ட பாட்டு கத்துக்கறதையும் விட்டுடறேன்."

"ஆறிடும். குடி."

அதுக்குள்ள மைக் சரிபாக்க ஆரம்பிச்சுட்டாங்க. மிருதங்கம் கோபாலி மாமா விரலை மேல தூக்குனாரு. என் சத்தத்தை ஏத்துன்னு அர்த்தம். சவுண்டு ஆரோக்கியம் ஏத்துனாரு. இப்ப வயலின் லலிதாவுக்குத் தன் வாசிப்பே கேக்கல. அவங்களும் விரலைத் தூக்குனாங்க. அதையும் ஏத்துனாரு. உடனே மறுபடியும் கோபாலி மாமா. எந்த மேடைக்குப் போனாலும் இந்தக் கூத்துதான். கச்சேரி முடியற வரைக்கும் ஒருத்தர் விரலும் கீழ பாக்காது.

"இதுக்கு மேல ஏத்தணும்னா மூணாவது வண்டியை ஓட விடணும்"னாரு ஆரோக்கியம்.

நிறைமதி வாய்க்குள்ள என்னவோ முணுமுணுத்தா.

டீச்சர் குனிஞ்சாங்க. "என்னம்மா சொன்ன? கேக்கல."

"ஒண்ணுமில்ல."

"அதுவும் கேக்கல."

டீச்சர் திரும்பி ஆரோக்கியத்துக்கு விரலைக் காட்டுனாங்க. கீழ.

அவரு முழிச்சாரு. "ஏத்தணுமாம்மா?"

"இறக்குப்பா."

இறக்குனாரு. விரல் கீழயே இருந்துச்சு. இன்னும் இறக்குனாரு. டீச்சர் ஒரு வரி பாடுனாங்க. மிருதங்கம் அதை அப்படியே முழுங்கிடுச்சு. கோபாலி மாமாவுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கையை அடக்கி வாசிச்சுப் பாத்தாரு. அப்பறம் அவரு விரலும் கீழ திரும்புச்சு. லலிதா விரலும் திரும்புச்சு.

விழாக்காரர் ஓடி வந்தாரு. "கடைசி வரிசைக்கு எப்படிம்மா கேக்கும்?"

"சோபாவை எடுத்துட்டு அந்தக் கடைசி வரிசைக்காரங்களை முன்னாடி வந்து உக்காரச் சொல்லுங்களேன்."

"பெரியவங்கல்லாம் வராங்கம்மா."

"வரட்டும். ஜமுக்காளம் விரிங்க. நானும் ஜமுக்காளத்துலதானே உக்காந்திருக்கேன்."

அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போனாரு. கொஞ்ச நேரத்துல சோபா ஒவ்வொண்ணா எழுந்து நடந்துச்சு. ரெண்டாவது ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமி அடங்குச்சு. மூணாவதுக்கு வேலையே வரல. மரத்துல மைனாங்க கூச்சல் போடறது அப்பத்தான் நிறைமதி காதுல விழுந்துச்சு.

அவளுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். விட்டுக்குடுக்க மனசு வரல.

"ஒண்ணு இன்னும் ஓடுது. பாட்டில் அப்படியே கெடக்கு. இது போதாது, டீச்சர்."

"போதாதுதான்."

"அப்ப பாட்டிலையும் சொல்லுங்க."

"நீ போய் சொல்லு. இப்ப காதுல விழும்."

போனா. கத்தறதுக்குத் தொண்டையில தெம்பில்ல. கேனும் டம்ளரும் வெக்கலாமான்னு காத்து மாதிரிதான் குரல் வந்துச்சு. அதைக் கேக்கறதுக்கு விழாக்காரர் கிட்ட வந்து குனிய வேண்டியிருந்துச்சு. "கல்யாண மண்டபத்துல டம்ளர் கெடைக்குதான்னு பாக்கறேன்மா"ன்னாரு. காலையில அவரு அவ மொகத்தைக்கூடப் பாக்கல.

திரும்பி வந்து மேடைக்குக் கீழயே நின்னா. கோவம் கொஞ்சம் தணிஞ்சதும் பயம் வந்து உக்காந்துக்கிச்சு.

"டீச்சர், நான் ஏறுனாலும் பிரயோஜனம் இல்ல. இந்தத் தொண்டையோட மேல் சுரம் எட்டாது. பாடிப் பாத்தேன், உடையுது. உங்க கச்சேரியையும் கெடுத்துடுவேன்."

டீச்சர் சுருதிப்பெட்டியைத் திருகுனாங்க. ரீங்காரம் அரைக் கட்டை கீழ இறங்குச்சு.

கோபாலி மாமா பதறிட்டாரு. "அகிலா, இது உன் சுருதியே இல்லையே. அந்த உச்சத்துல நீ நிக்கறதைக் கேக்கத்தான் இத்தனை ஜனம் வருது."

"மிருதங்கத்தை இறக்குங்க, மாமா."

"இப்பத்தான் சுருதி சேத்தேன்"னு பொலம்பிக்கிட்டே அவரு கல்லை எடுத்துத் தட்ட ஆரம்பிச்சாரு. லலிதா ஒண்ணும் கேக்காம வயலின் தந்தியைத் தளத்துனாங்க.

நிறைமதிக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. சண்டை போடறதுக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு.

"எனக்காக நீங்க ஏன் டீச்சர் இறங்கணும்?"

டீச்சர் பிளாஸ்கை மறுபடியும் திறந்தாங்க. சுக்குத்தண்ணியை ஊத்தி மேடை ஓரத்துல வெச்சாங்க.

"நீ வர முடியாத உசரத்துக்கு நான் மட்டும் போய் என்னம்மா பண்ண?"

நிறைமதி செருப்பைக் கழட்டுனா.